மன்னருக்கே இடமில்லை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், நல்ல சட்டம் போட்டுவிட்டோம் என்று பூரித்துக் கிடந்த ஒரு மன்னர் இருந்தார். 'பிறந்த குலத்தைக் காட்டி யாரையும் இசைமண்டபத்து வாசலில் தடுக்கக் கூடாது. தடுத்த காவலனுக்கு நாடுகடத்தல்' என்பது சட்டம். பன்னிரண்டு வருடமாகியும் ஒரு புகார்கூட வரவில்லை.

"நம் நாட்டில் பேதமே ஒழிந்துவிட்டது! இதைக் கல்லில் வெட்டி வாசலில் நிறுத்துங்கள்!" என்றார் மன்னர். சபை மொத்தமும் தலையாட்டியது.

அரசவை விகடன் சடையன் மட்டும் ஆட்டவில்லை. அவன் மத்தளத்துக்குத் தோல் பதனிடும் குலத்தில் பிறந்தவன். மன்னரைச் சிரிக்க வைக்கிறவன் என்பதால் அவனை உள்ளே விடுவார்கள். அவன் தங்கை வெள்ளச்சியை விடமாட்டார்கள். அவள் பதனிட்ட தோல் மேடை வரைக்கும் போகும். அவள் மதிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்பாள். பன்னிரண்டு வருடமாக, ஒவ்வொரு கச்சேரிக்கும். காவலர்கள் கெட்டிக்காரர்கள், குலத்தைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள். "இடமில்லை" என்பதோடு சரி.

"மத்தளம் மட்டுந்தாண்ணா கேக்குது. வீணை மதிலைத் தாண்ட மாட்டேங்குது" என்பாள், குறைப்படக்கூட இல்லாமல். அந்தக் குறைப்படாத குரல்தான் சடையனைப் போட்டு வதைத்தது. உள்ளே அவனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பாய் காலியாகவே கிடக்கும். அவள் இதில் ஒரு நாள் உட்கார மாட்டாளா என்று ஏங்கி ஏங்கி, அவனும் பாட்டைக் கோட்டை விட்டுவிடுவான்.

"மன்னா, கல் வெட்டுமுன் ஒரு விண்ணப்பம். புகார் இல்லாததால் வரவில்லையா, வர வழியில்லாததால் வரவில்லையா?" என்றான் சடையன்.

அவன்மேல் வெகு நாளாகக் கறுவிக்கொண்டிருந்த அமைச்சர் பூதநாதர் எழுந்தார். "அரசே, நாளை மாலைக் கச்சேரிக்கு இந்த விகடனே வாசற்காவல் நிற்கட்டும். கச்சேரி தொடங்குமுன் ஒரு புகாரைக் காட்டட்டும். இல்லையேல், சட்டத்தைப் பழித்ததற்காக நாட்டைவிட்டுப் போகட்டும்!"

சடையனுக்குச் சூழ்ச்சி புரிந்தது. யாரையும் தடுக்காவிட்டால் புகார் வராது. குலத்தைக் காட்டித் தடுத்தால் அவனே குற்றவாளி. எப்படிப் போனாலும் நாடுகடத்தல்தான். மன்னருக்கோ வேடிக்கை என்றால் உயிர். "ஆகட்டும்" என்றுவிட்டார்.

மறுநாள் மாலை சடையன் வேலும் கையுமாக மதில்வாசலில் நின்றான். பிரபுக்கள் வந்தார்கள், விட்டான். பூதநாதர் இளித்துக்கொண்டே வந்தார், அவரையும் விட்டான். கடைசியில் பல்லக்கு வந்தது. மன்னர் இறங்கி வாசலில் கால் வைத்தார். வேல் குறுக்கே நீண்டது.

"இடமில்லை, மன்னா."

"அடே சடையா, என்ன உளறுகிறாய்? அதோ நாற்பது பாய் காலியாகக் கிடக்கிறதே!"

"தங்களுக்கு அப்படித் தெரிகிறது. நிறைந்துவிட்டது."

"நான் அரச குலத்தில் பிறந்தவன் என்பதால்தானே இந்த விளையாட்டு?"

"தங்கள் குலத்தைப் பற்றி அடியேன் வாய் திறந்தேனா? திறந்ததாகச் சாட்சியோடு தாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சட்டம் அப்படி."

மன்னர் திரும்பிப் பார்த்தார். பல்லக்குத் தூக்கிகள் தரையைப் பார்த்தார்கள். சொல்லாத சொல்லுக்கு அவர்கள் எங்கே சாட்சி சொல்வது?

"இப்போதே புகார் கொடுக்கிறேன்!"

"தாராளமாக. புகார் எழுதுகிறவர் மண்டபத்துக்குள் இருக்கிறார். உள்ளே போய்த்தான் கொடுக்க வேண்டும்."

"அப்படியானால் வழியை விடு!"

"இடமில்லையே, மன்னா."

மன்னருக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு தணிந்த குரலில், "பன்னிரண்டு வருடமாக இப்படித்தானா?" என்றார்.

"அந்தப் புளியமரத்தடியில் நிற்கிறவர்களைக் கேளுங்கள், மன்னா."

கேட்டார். கேட்டுவிட்டு வந்தவர், சங்கடம் பாதி, வேடிக்கை பாதியாகத் தொந்தி குலுங்கச் சிரித்தார். "பூதநாதரே, வெளியே வாரும்! புகார் வந்துவிட்டது. முதல் புகார்தாரர் நான்தான்!"

"அப்படியானால் தடுத்த இவனை நாடு கடத்த வேண்டுமே, அரசே!"

"எதைக் காட்டி? என்னாலேயே நிரூபிக்க முடியவில்லையே!"

அங்கேயே சட்டம் திருத்தப்பட்டது. தடுக்கப்பட்டவர் இனி எதையும் நிரூபிக்க வேண்டாம். இடமில்லை என்று தடுத்த காவலன்தான் ஒரு பாய்கூடக் காலியில்லை என்று காட்ட வேண்டும். புகார் எழுதுகிறவர் மதிலுக்கு வெளியே உட்கார வேண்டும். கல்வெட்டுக்குக் கொண்டுவந்த கல்லைத் திருப்பி அனுப்பினார்கள். மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையனுக்குப் போட்டார்.

வழக்கமான காவலன் திரும்பி வந்து சடையன் கையிலிருந்து வேலை வாங்கிக்கொண்டான். வெள்ளச்சி வாசலுக்கு வந்து நின்றாள். காவலன் அவளைப் பார்த்தான், பாய்களைப் பார்த்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டே விலகினான். அவள் போய் அண்ணனுக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தாள்.

வீணை தொடங்கியது. முன்வரிசையில் மன்னர் வாசலில் நடந்ததை யாரிடமோ சொல்லி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளச்சி அசையாமல் கேட்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"என்னம்மா, நல்லாயில்லையா?" என்றான் சடையன்.

"நல்லாத்தாண்ணா இருக்கு. அங்க நின்னு வெறும் மத்தளத்தைக் கேட்டுக் கேட்டு, நானா மனசுக்குள்ள ஒரு பாட்டு கட்டி வச்சிருந்தேன். பன்னெண்டு வருசமா அதுதான் வீணைன்னு நெனச்சிட்டிருந்தேன்."