சுதர்சன் காருக்கு எந்த வீல்?

"அம்மணி, இந்தக் காருக்கு எந்த வீல் போட்டா எடுப்பா இருக்கும்?"

நாச்சிமுத்து கேட்ட முதல் கேள்வி இது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதில் சொல்ல வேண்டிய கலாமணிக்கு முப்பத்தொன்பது.

கோயமுத்தூரில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் மாற்ற வேண்டுமா, பாடி மாற்ற வேண்டுமா, கலாமணி பட்டறைக்குத்தான் போவார்கள். அவள் அதிகம் பேச மாட்டாள்.

ஒரு பல் டாக்டர் வந்தார். பத்தொன்பது இஞ்சு வீல் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கலாமணி அவர் காரில் இருந்த பழைய வீலை ஒரு கையிலும், அவர் கேட்ட வீலை இன்னொரு கையிலும் கொடுத்தாள்.

"ஷெட்டை ரெண்டு சுத்து சுத்திட்டு வாங்க."

முதல் சுற்றிலேயே டாக்டர் பெரியதை இறக்கி வைத்துவிட்டார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளிடம்தான் நாச்சிமுத்து வந்தார். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த கார். சிவப்பு. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. இருபத்தாறு வருஷம் பழசு. முன்பக்க இடது மூலை நசுங்கி, அந்த இடத்தில் வீலே இல்லை.

"யாருங்ணா ஓட்டறது?"

"யாரும் ஓட்ட வேண்டாம் அம்மணி. நின்னாப் போதும்."

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவு: அது நாச்சிமுத்துவின் மகன் சுதர்சனின் கார். போன ஐப்பசியில் பாலக்காட்டு ரோட்டில் போகும்போது முன் வீல் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. வீல் வயலுக்குப் போனது. கார் புளியமரத்துக்குப் போனது. ஒரே பையன்.

அந்த வீலை மாட்டிக் கொடுத்தவர் டயர் கடை அற்புதராஜ். நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டார், வீல் ஆடி ஆடி போல்ட் அறுந்தது என்று கேஸ். கடையை மூடியாகிவிட்டது. அடுத்த மாசம் கோர்ட்டு. ஜெயில்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வீல் போட்டது இவன்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தவர் நாச்சிமுத்து.

ஆக, அங்கே ஒருத்தன் ஜெயிலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். இங்கே இவர் வீல் எந்தக் கலர் என்று கேட்கிறார். எனக்கு இதைச் சொல்லும்போதே எரிகிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர். என்ன சொல்ல முடியும்?

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். சுதர்சன் வரைந்தது. அகலமான மட்கார்டு, பின்னால் ஒரு இறக்கை, வெண்கல நிறத்தில் நாலு வீல்.

"பாதிதான் பண்ணியிருந்தான். வருசத் திதிக்குள்ள முழுசாப் பண்ணி வாசல்ல நிறுத்தோணும். அவங்கம்மா பாக்கோணும். என்ற கையாலயே பண்றேன். கத்துக் குடுங்க."

கலாமணி காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். மீதி மூன்று வீலுக்கு முன்னாலும் குந்தினாள். நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"காலைல ஆறு மணிக்கு வந்துருங்க" என்றாள்.

நாச்சிமுத்து சும்மா ஆள் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக ஆவாரம்பாளையத்தில் லேத்துப் பட்டறை. மயிரிழை தப்பாத ஷாஃப்ட் வேண்டுமா, அவரிடம் போ என்பார்கள் பம்ப்செட்காரர்கள். அந்த மனுஷன் கலாமணி சொன்னபடி முதல் பத்து நாள் துரு சுரண்டினார்.

"வீல் முடிவு பண்ணிரலாமா அம்மணி?"

"துரு இருக்குதுங்ணா."

மறுநாளும் கேட்டார்.

"பதினேழு இஞ்சா, பதினெட்டா?"

"இன்னும் துரு இருக்குதுங்ணா."

பதினோராம் நாள் கதவில் ஒரு பள்ளம். அவர் அதைத் தட்டி எடுக்கவில்லை. பட்டிப் பசை குழைத்து அப்பி, தேய்த்து, வழவழவென்று ஆக்கிவிட்டார். கை வைத்துப் பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கே பெருமை.

கலாமணி ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தாள். தகரமாக இருந்தால் ஒட்டும். பட்டியில் எங்கே ஒட்டும்?

காந்தம் கீழே விழுந்தது.

அதை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நாச்சிமுத்து அன்று சாயங்காலம் வரை அந்தப் பட்டியைச் சுரண்டினார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"இதுக்குத் திட்டியிருக்கலாம் அம்மணி."

"திட்டினா ஒட்டுமுங்களா?"

இருபதாம் நாள் மட்கார்டு வந்தது. அகலமான மட்கார்டு, படத்தில் இருந்தபடியே. இரண்டு பேருமாகத் தூக்கிவைத்துப் பார்த்தார்கள்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்சு அகலம் கூடுதுங்ணா."

"ஆமா."

"வீல் பழைய எடத்துலயே நிக்கும். உள்ள பூந்துக்கிட்டு, பல்லு விழுந்த வாயாட்டம் இருக்கும்."

"ஆமா."

"வீலை வெளிய தள்ளோணும். எப்படித் தள்ளறது?"

நாச்சிமுத்து வேட்டியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"லேத்துக்காரருக்குத் தெரியாததா?" என்றாள் கலாமணி. "ஸ்பேசர் போடோணும். வீலுக்கும், அதை மாட்டற ஹப்புக்கும் நடுவுல வெக்கற அலுமினிய வட்டு. ஒண்ணு கடைஞ்சு கொண்டாங்க. பாக்கலாம்."

"வெளிய வாங்கிக்கலாமே அம்மணி."

"உங்க கையாலயே பண்றேன்னீங்க."

ரெண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

அடடா, என்ன வேலை! முகம் பார்க்கலாம். கலாமணி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் வட்டமாக ஒரு விளிம்பு எழும்பி நின்றது. அதை விரலால் தடவினாள்.

"இந்த விளிம்பு எதுக்குங்ணா?"

தொழில்காரனிடம் தொழிலைக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா?

"வீல் அதுமேலதான் வந்து உக்காரும். பாரத்தை அது தாங்கும். அது இல்லாம வெறும் தட்டையா விட்டா வீல் போல்ட்டுலயே தொங்கும் அம்மணி. ஆடிக்கிட்டே இருக்கும். நட்டை எத்தனை முறுக்கி வெச்சாலும் போல்ட் ஒருநாள் அறுந்தே தீரும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

கலாமணி ஸ்பேசரை மேஜைமேல் வைத்தாள்.

"போன வருசம் கடைஞ்சதுல இந்த விளிம்பு இருந்துச்சுங்களா?"

பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய் நிறுத்திவிட்டு வந்தாள்.

"பொறந்த நாளுக்கு வேணும்னு கேட்டான்" என்றார் நாச்சிமுத்து. "வெளிநாட்டுல இருந்து வாங்கறேன்னான். அப்பன் லேத்து வெச்சிருக்கறப்ப எதுக்குடா வாங்கறேன்னு நான்தான் தடுத்தேன். பம்புக்குக் கடையறாப்பல தட்டையாக் கடைஞ்சு, நீளமான போல்ட்டும் போட்டுக் குடுத்தேன். அளவு துளி தப்பாது. விளிம்பு வேணும்னு எனக்குத் தெரியாது சாமி. சத்தியமாத் தெரியாது."

"எப்பத் தெரிஞ்சுதுங்ணா?"

"மூணாம் நாள். எலும்பு பொறுக்கிட்டு வர்ற வழியில அந்த மரத்துகிட்ட எறங்கினேன். ஸ்பேசர் புதர்ல கெடந்துச்சு. போல்ட் ஓட்டையெல்லாம் ஆடி ஆடித் தேஞ்சிருந்துச்சு. கையில எடுத்ததுமே தெரிஞ்சு போச்சு."

"என்ன பண்ணுனீங்க?"

"கார் வீட்டுக்கு வந்ததும் மிச்சம் மூணையும் கழட்டினேன். நாலையும் உருக்கிட்டேன்."

"போல்ட்டை மாத்த மறந்துட்டீங்க. மூணு வீல்லயும் ஒரு இஞ்சு நீட்டிக்கிட்டு நிக்குது. மொத நாளே பாத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அற்புதராஜ் மேல எழுதிக் குடுத்தது அந்த மூணாம் நாளுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவர் மேஜைமேல் இருந்த ஸ்பேசரைத் திரும்பத் துணியில் சுற்றினார்.

"பின்னால."

பிறகு அழ ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு வயசு ஆம்பளை, சத்தமாகவே அழுதார்.

"அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ற மொகத்துல முழிப்பாளா அம்மணி? பையனைத்தான் குடுத்துட்டேன். அவளையும் குடுக்கோணுமா? நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

கலாமணி கையைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"எந்த வீலுன்னு கேட்டுட்டே இருந்தீங்களே. என்னைவிட அது தெரிஞ்சவரு ஒருத்தர் இருக்காரு. வாங்க, கேக்கலாம்."

போத்தனூரில் ஒரு சந்தில் வண்டி நின்றது. தண்ணீர் கேன் நிரப்பிக் கொடுக்கிற இடம். உள்ளே ஒருத்தர் குனிந்து கேன்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். முறுக்கினார். அடுத்ததற்குப் போனார். திரும்பி வந்து முதல் மூடியை மறுபடி முறுக்கினார். ரெண்டாவதை முறுக்கிவிட்டு மறுபடியும் முதலுக்கே வந்தார்.

நிமிர்ந்தபோதுதான் நாச்சிமுத்துவுக்கு அடையாளம் தெரிந்தது. பாதி ஆளாகிப் போயிருந்தார் அற்புதராஜ்.

நாச்சிமுத்து திரும்பி நடக்கப் பார்த்தார். அதற்குள் அற்புதராஜ் ஓடி வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நானே வரோணும்னு இருந்தேனுங்கையா. தைரியம் வரலீங்க."

"எந்திரிப்பா. எந்திரி அற்புதம்."

"நல்லாத்தான் முறுக்கினேன்னு இத்தனை நாளா நெனைச்சுக்கிட்டிருந்தேனுங்க. அஞ்சு நட்டையும் ரெண்டு தரம் முறுக்கினேன்னு நெனப்பு. ஆனா எப்பவோ அசந்திருக்கேன் போல இருக்குதுங்க. இல்லாட்டி எப்படிங்கையா கழண்டு வரும்?"

"உள்ள ஸ்பேசர் இருந்துச்சே" என்றாள் கலாமணி. "அதைப் பாக்கலீங்களா?"

"பாத்தேனுங்க. அப்பா கடைஞ்சு குடுத்ததுன்னு தம்பி அத்தனை சந்தோசமாக் காட்டுச்சு. ஐயா கையி பட்டதுன்னா அதுக்கு மேல நான் என்னத்தைங்க பாக்கறது? கோயமுத்தூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஐயா வேலையில தப்பு வராதுங்க."

நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"போலீஸ்ல கேட்டாங்க, வீலுக்கு உள்ள வேற எதாச்சும் இருந்துச்சான்னு. இல்லைன்னுட்டேனுங்க. மகனைப் பறிகுடுத்த மனுசன், அவரு பேரை எதுக்கு இதுல இழுக்கோணும்? அது ஐயா தப்பா இருக்காது. அப்ப என்ற தப்புத்தானுங்களே?"

"அற்புதம்..."

"திங்கக்கெழமை குத்தத்தை ஒத்துக்கப் போறேனுங்கையா. வக்கீலுகிட்டச் சொல்லிட்டேன். உள்ள போயிட்டாலாவது இந்தக் கை முறுக்கறதை நிறுத்துமான்னு பாக்கறேனுங்க."

அவர் கை காற்றில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

நாச்சிமுத்து அந்தக் கையைப் பிடித்தார். ரெண்டு கையாலும் பிடித்தார். பிடித்தும் அது நிற்கவில்லை.

கலாமணி தெருவைப் பார்த்தபடி நின்றாள். நாச்சிமுத்துவை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ அஞ்சையும் நல்லாத்தான் முறுக்கினே அற்புதம்" என்றார் நாச்சிமுத்து. "நட்டு கழண்டு வரல. போல்ட் அறுந்துதான் வந்துச்சு. எதனால அறுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரு வருசமாத் தெரியும்."

அற்புதராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்ற வக்கீல் வீடு எங்க இருக்குதுன்னு சொல்லு. நானும் வர்றேன். ஒரு அஞ்சு நிமிசம் பொறு."

நாச்சிமுத்து சந்தின் ஓரத்துக்குப் போய் போனை எடுத்தார். நம்பரை அழுத்துவதற்குள் ரெண்டு தரம் தப்பிவிட்டது.

"மாமா?" என்றாள் அவர் மனைவி வசந்தாமணி. "கார் ஆயிருச்சுங்களா? என்ன வீல் போட்டிருக்குது?"

"வசந்தா."

"சொல்லுங்க மாமா."

"நின்னுக்கிட்டிருக்கறயா, உக்காந்திருக்கறயா?"

"நின்னுக்கிட்டுத்தான். ஏனுங்க?"

"உக்காரு."