இருளாயி இஞ்சினை நிறுத்திய விதம்

"தாயி, இந்த இஞ்சினுக்கு என்னைப் பிடிக்கல" என்றாள் இருளாயி.

ரஜியா நிமிரவில்லை. கையிலிருந்த ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னா?"

"அதுவே சொல்லுது. நேத்து வீட்டு வாசல்ல நிறுத்துனேன். குபுகுபுன்னு புகை விட்டு, ஒரு உதறு உதறி அடங்குச்சு. காலையில மிதிச்சா எந்திரிக்க மாட்டேங்குது."

இருளாயிக்கு வயது நாற்பத்தேழு. கரட்டடியில் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் போட்டிருந்தாள். பக்கத்து ஊரில் கூடிக்கொண்டிருந்த சந்தையைப் பதினொரு கிலோமீட்டர் தள்ளிக் கீழூருக்கு மாற்றிவிட்டார்கள். மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் கீரை வாடிவிடும். அதனால்தான் பழைய சைக்கிளில் டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் ஒன்றை மாட்டிக்கொண்டாள்.

மாட்டிக் கொடுத்தவள் ரஜியா. அந்தப் பக்கத்தில் சைக்கிளுக்கு இஞ்சின் மாட்டத் தெரிந்த ஒரே ஆள். இருளாயியைவிடப் பதினாறு வயது இளையவள்.

ஆனாலும் அந்தத் தகரக் கொட்டகைக்குள் நுழையும்போது இருளாயி செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைவாள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

"எப்படி நிறுத்துனீங்க?" என்று கேட்டாள் ரஜியா.

"மேட்டுல முக்கி முக்கி ஏறி வந்தேன். வீடு வந்ததும் டக்குனு சுவிட்சை அமுக்குனேன்."

ரஜியா பிளக்கைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அந்த வேப்பமரத்தை மூணு சுத்து ஓடிட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

இருளாயி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஓடினாள். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் நாக்கு வறண்டுவிட்டது.

"உக்காருங்க" என்றாள் ரஜியா.

"இரு தாயி. மூச்சு வாங்குது. ரெண்டு எட்டு நடந்துட்டு உக்காருறேன்."

ரஜியா மறுபடியும் பிளக்கை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இருளாயி நாலு எட்டு நடந்தாள். ஐந்தாவது எட்டில் நின்று சைக்கிளைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து மேடு ஏறி முடித்ததும் ஆக்சிலேட்டர் முறுக்கைத் தளர்த்திவிடுவாள். வாசலில் வந்து நின்றபிறகு இஞ்சினைச் சற்று நேரம் மெதுவாக முனகவிடுவாள். அதன் பேச்சு நிதானத்துக்கு வந்தபின்தான் சுவிட்சைத் தொடுவாள்.

புகையும் இல்லை, உதறலும் இல்லை. காலையில் இரண்டு மிதியில் எழுந்துகொண்டது.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தாள்.

"தாயி, வண்டி ராவெல்லாம் சொட்டுது. விடிஞ்சு பார்த்தா வாசல்ல பெட்ரோல் ஊறிக் கிடக்கு. எம்புருசன் பீடியும் கையுமா வந்து நிக்கிறாரு. ஈரக்குலையே நடுங்கிருச்சு."

ரஜியா எழுந்தாள். கொட்டகைக்கு எதிரே தெருக்குழாய் இருந்தது. அதை முழுக்கத் திறந்துவிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, கழற்றிப் போட்டிருந்த சங்கிலியைத் துடைத்தாள்.

தண்ணீர் ரோட்டில் ஓடியது.

இருளாயி குழாயைப் பார்த்தாள். ரஜியாவைப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் மூடினாள்.

"வேலை முடிஞ்சா மூட வேணாமா தாயி? நீ பாட்டுக்கு வந்து உக்காந்துட்டியே!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, டாங்கிக்கு அடியில் இருந்த சின்ன டேப்பைத் திருகி மூடினாள்.

"இதை யாரும் சொல்லவே இல்லையே."

"இப்ப நீங்கதானே சொன்னீங்க" என்றாள் ரஜியா.

மூன்றாம் முறை வந்தபோது குறையொன்றும் இல்லை. கேள்விதான் இருந்தது.

"சுவிட்ச் வேலை செய்யலைன்னா?"

"பெட்ரோலை மூடுங்க."

"உடனே நின்னுருமா?"

"நிக்காது. உள்ளே மிச்சம் இருக்கிறதைக் குடிச்சுத் தீர்த்துட்டுத்தான் நிக்கும்."

"அவ்வளவு நேரம் பொறுக்க முடியாதுன்னா?"

ரஜியா எழுந்து வந்தாள். கிரீஸ் கையாலேயே இருளாயியின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினாள்.

இருளாயி பத்து எண்ணும்வரை தாங்கினாள். பிறகு அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"கொன்னுருவ போலிருக்கே!"

ரஜியா கார்பரேட்டர் ஓரத்தில் இருந்த குட்டிப் பிடியைத் தொட்டுக் காட்டினாள். "இது சோக். தூக்கினா காத்து அடைபடும்."

பிறகு ஒன்று சொன்னாள். "எது கெட்டாலும் கிளட்சைப் பிடிச்ச கையை மட்டும் விட்டுறாதீங்கக்கா. விட்டா பாயும்."

இருளாயியின் மூக்கில் ஒட்டிய கிரீஸ் கீழூர்ச் சந்தைவரைக்கும் போய்த் திரும்பியது.

ஆவணி மாதம். கீழூரில் அம்மன் கோயில் பொங்கல். பிற்பகல் சந்தைக்கு அறுபது கட்டுக் கீரையுடன் இருளாயி போய்க்கொண்டிருந்தாள்.

கீழூருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரிய இறக்கம். அதன் அடியில் ஆற்றுக்குத் திரும்பும் வளைவு.

இறக்கத்தின் தலையில் முறுக்கைத் தளர்த்தினாள். அது தளரவில்லை.

மறுபடியும் திருகினாள். உள்ளே கம்பி எங்கேயோ சிக்கிக்கொண்டது. இஞ்சின் வேகம் எடுத்தது.

சுவிட்சை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி நடுங்கிய நடுக்கத்தில் ஒயர் அறுந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வளைவில் முளைப்பாரி எடுத்துப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். ஒவ்வொரு தலையிலும் பச்சைப்பசேலென்று ஒரு பானை. ஒரு கை பானையில், ஒரு கை சேலையில்.

விலகி ஓடினால் பானை விழும். எட்டு நாள் விரதமிருந்து வளர்த்தது. யாரும் ஓடமாட்டார்கள்.

இருளாயி இடது கையால் கிளட்சை இழுத்தாள். வலது கையால் பிரேக்கை நெரித்தாள். இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்தாள்.

சைக்கிள் நின்றது. முன்னால் நின்ற பெண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

சைக்கிள்தான் நின்றது. இஞ்சின் நிற்கவில்லை.

சுமை இறங்கிய இஞ்சின் வெறி பிடித்ததுபோல் அலறியது. புகை கண்ணை மறைத்தது. பிடி, மிதி, இருக்கை எல்லாம் உதறின.

பெட்ரோலை மூட ஒரு கை வேண்டும். சோக்கைத் தூக்க ஒரு கை வேண்டும். இடது கையை எடுத்தால் வண்டி பாயும். வலது கையை எடுத்தால் இறக்கத்தில் உருளும்.

மேளக்காரர் ஒருவர் கிட்ட ஓடி வந்தார்.

"வராதீங்க!" என்று கத்தினாள் இருளாயி. "என்னைத் தொட்டுறாதீங்க!"

முன்னால் நின்ற பெண் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருளாயியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. ஏழு மாதம் இருக்கும்.

எதைக் கொடுத்து இதன் வாயை அடைப்பேன் என்று நினைத்தாள் இருளாயி.

வாய் என்று நினைத்ததும் கீழே பார்த்தாள்.

இஞ்சினுக்குப் பின்னால், அவள் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், காற்று இழுக்கும் டப்பா. அதன் முகமெல்லாம் ஓட்டை. ஓட்டை வழியாக அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வலது காலைத் தரையிலிருந்து எடுத்தாள். உடம்பின் கனத்தையெல்லாம் இடது காலில் போட்டாள். கொசுவத்தின் தடித்த மடிப்போடு முழங்காலைக் கொண்டுபோய் அந்த ஓட்டைகள்மேல் வைத்து அழுத்தினாள்.

சேலை உள்ளே இழுபட்டது. இன்னும் அழுத்தினாள்.

அலறல் கம்மியது.

"ம்... போதும்" என்றாள் இருளாயி பல்லைக் கடித்துக்கொண்டு. "ஓடுனது போதும். அடங்கு."

இஞ்சின் திக்கியது. இருமியது. ஒரு முறை குலுங்கியது.

நின்றது.

அப்படியொரு அமைதியை அந்த வளைவு அதற்கு முன் கேட்டிருக்காது. ஆற்றுத் தண்ணீர் ஓடும் சத்தம் வந்தது.

இருளாயி கிளட்சை மெல்ல விட்டாள். குனிந்து பெட்ரோல் டேப்பை மூடினாள். சேலை மடிப்பை உதறிவிட்டுக்கொண்டாள்.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள்.

அடுத்தவள் போட்டாள். அதற்கடுத்தவள் போட்டாள். நாற்பது பெண்களும் சேர்ந்து போட்ட குலவை ஆற்றைத் தாண்டி அக்கரைத் தோப்புவரை போனது. அம்மனுக்கா இருளாயிக்கா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மேளக்காரர் இரண்டுக்கும் சேர்த்து அடித்தார்.

ஒரு பானைகூட விழவில்லை.

கீரையெல்லாம் சந்தைக்குப் போகாமல் அங்கேயே விற்றுத் தீர்ந்தது.

மறுநாள் இருளாயி வண்டியைத் தள்ளிக்கொண்டு ரஜியாவின் கொட்டகைக்கு வந்தாள். உள்ளே இரண்டு ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக இஞ்சின் மாட்ட வந்தவர்கள். ரஜியா ஸ்டூலில் இருந்தாள்.

இருளாயி நடந்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ரஜியா எழுந்து போய் அறுந்த ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது நான் முறுக்கின ஒயர்" என்றாள்.

"அதுக்கென்ன தாயி."

"ரெண்டு கையும் மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு நான் சொல்லித் தரலையே."

"நீ சொல்லல."

"பின்னே?"

"முழங்கால் சும்மாதானே இருந்துச்சு" என்றாள் இருளாயி.

ரஜியா தன் ஸ்டூலை எடுத்தாள். மேலே ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தாள். இருளாயிக்கு முன்னால் கொண்டுவந்து போட்டாள்.

அப்புறம் வாசலுக்குப் போய்த் தன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள். "முதல்ல எந்தக் காலை எடுத்தீங்க?"