கிழியாத பைகள்

“எடையைக் குறைச்சா பை கிழியுது அம்மா. கிழியாம தைச்சா கனக்குது. நான் என்ன செய்யட்டும்?”

மலையேறுகிறவர்களுக்கு முதுகுப்பை தைக்கிற பொன்னுரங்கம் வருஷக்கணக்காகக் கேட்டுவந்த கேள்வி இது. காட்டாற்றுக்கு மேலே பாறையில் குடியிருந்த சாமியாரம்மா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. ஒருதரம் சிரிப்பாள். ஒருதரம் கஞ்சி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

அன்றைக்கு அவனே விடையோடு வந்திருந்தான்.

துணி மெல்லிசு, பட்டை மட்டும் கெட்டி என்றான். இடுப்பைச் சுற்றிப் பட்டையை இறுக்கிக் கொக்கி போட்டுவிட்டால் தோளுக்குக் கனமே தெரியாதாம், பையும் கிழியாதாம்.

முதல் பையைத் தன் பெண்டாட்டி செல்லாயிக்கு மாட்டிவிட்டிருந்தான். அவள் ஆற்றைக் கடந்து உச்சிவரை போய்த் திரும்ப வேண்டும். இப்போது கீழே கரையில் நிற்கிறாள். அவன் கொக்கியை இறுக்கும்போது, கல்யாணம் ஆனதிலிருந்து நீ என்னை இப்படி இறுக்கிப் பிடிச்சதில்லையே என்று கேலி செய்தாளாம். அதையும் சொல்லிச் சிரித்தான்.

சாமியாரம்மா சிரிக்கவில்லை. எழுந்து நடந்தாள். இவன் பின்னால் போனான்.

பாறைக்குப் பின்னால் ஒரு குகை. உள்ளே ஆப்பு அடித்து, வரிசையாக முதுகுப்பைகள் தொங்கின.

குகைக்குள் மழை விழ வழியில்லை. பைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

காற்றும் இல்லை. ஆனாலும் எல்லாம் லேசாக ஆடின, யாரோ மாட்டிக்கொண்டு நின்று மூச்சு விடுகிற மாதிரி.

பொன்னுரங்கத்துக்குப் பயம் வரவில்லை. தையல்காரன் கண் தையலுக்குத்தானே போகும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பட்டையைச் சுண்டி இழுத்தான். ஒன்றிலும் ஒரு நூல் பிரியவில்லை.

“அருமையான வேலை அம்மா. எங்கே கிடைச்சுது?”

“ஆத்துல.”

சொல்லிக்கொண்டே அவள் ஒரு மர ஆப்பை எடுத்தாள். பாறை வெடிப்பில் வைத்துக் கல்லால் அடித்தாள்.

அது எதற்கு என்று கேட்டான்.

“உன் பையும் கிழியாதுன்னு சொன்னியே.”

அப்போதும் அவனுக்குப் பெருமைதான். இவ்வளவு நல்ல பையை ஆற்றில் விட்டுட்டுப் போன மடையன் யாரு என்று கேட்டான்.

“யாரும் விட்டுட்டுப் போகல. ஆளோடதான் கரை ஒதுங்குச்சு. ஆளை ஊருக்கு அனுப்பிட்டேன்.”

பட்டையைப் பிடித்திருந்த அவன் கை நின்றது.

சாமியாரம்மா இன்னொரு அடி அடித்தாள். ஆப்பு இறங்கியது.

“தண்ணியில பட்டை ஊறினா கொக்கி இறுகிக்கும். ஒண்ணைக் கழட்ட எனக்குப் பகல் பூரா ஆகும். அதுவும் கரையில உட்கார்ந்துக்கிட்டு.”

அவன் பக்கத்தில் தொங்கிய பை மெல்லத் திரும்பியது. அதற்கடுத்ததும் திரும்பியது. எல்லாம் ஆற்றைப் பார்த்து நின்றன.

பொன்னுரங்கம் ஓடினான். முள் கிழித்தது தெரியவில்லை. செருப்பு போன இடம் தெரியவில்லை.

செல்லாயி முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தாள். அதற்கு அப்பால் ஆறு கறுப்பாக ஓடியது. கொக்கியைக் கழட்டு, கழட்டு என்று தூரத்திலிருந்தே கத்தினான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்னய்யா நீ? கழட்டினா பை விழுந்துடாதா?”

“விழட்டும்.”