முன்வரிசைக் கூரை

கேள்வியோடு மடத்துக்கு வருகிறவர்கள் முதலில் உட்காருவார்கள். தேசப்பன் அன்று உட்காரவில்லை. உப்பங்கழியோரமாக ஓடிவந்த மூச்சு அடங்காமல் வாசலிலேயே நின்றார்.

உண்ணாமலை அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தேசப்பனைவிட வயது மிகவும் குறைவு. தலை நரைத்த ஊர்த்தலைவர் தன் மகள் வயதுக்காரியைக் குரு என்று கும்பிடுகிறாரே என்று குப்பத்தில் சிலர் சிரிப்பதுண்டு. தேசப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"அம்மா, ஒருத்திக்காக ஒரு ஊரே பட்டினி கிடக்கலாமா?"

"என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு."

அவர் சொன்னார். அதன் முழுக்கதை இது.

திட்டுக்குப்பம் கழிமுகத்தை ஒட்டிய ஊர். மீன் குறைந்துபோய், ஆண்களெல்லாம் கூலிவேலைக்குக் கண்காணாத ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு அலையாத்திக் காட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். காட்டைப் பார்த்தவர்களுக்கு ஊரையும் பார்க்க ஆசை வந்தது. கீற்றுக் குடிசை, காயப்போட்ட வலை, மண்பானை எல்லாம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. படகு ஓட்டவும் சமைத்துப்போடவும் கூடவே நடந்து ஊரைச் சுற்றிக் காட்டவும் ஆள் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. பசி தீர்ந்த ஊரைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் பசித்துக் கிடந்தவனாக இருக்க மாட்டான்.

கேலிக்குரியது அதற்குப் பிறகு நடந்தது. கையில் காசு புரண்டதும் ஊரார் மணல்மேட்டுக்குப் பின்னால் தளம் போட்ட வீடு கட்டிக்கொண்டார்கள். கழியைப் பார்த்த முன்வரிசைக் குடிசைகளை மட்டும் பிரிக்கவில்லை. காலையில் சாப்பிட்டு முடித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஆபீசுக்குப் போகிறவர்களைப்போலக் குடிசைக்கு வருவார்கள். பெண்கள் பழஞ்சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே உட்காருவார்கள். கடைசிப் படகு போனதும் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி ஃபேனுக்கு அடியில் படுப்பார்கள். முன்வரிசையில் ஓலை தவிர வேறு கூரை கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு போட்டவர் தேசப்பன்தான்.

பின்னால் வீடு இல்லாதவள் பூங்காவனம் ஒருத்தி. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. கருவாடு விற்றுத்தான் பிழைப்பு. அவளுக்கு அந்த முன்வரிசைக் குடிசைதான் வீடு. மகள் செவ்வந்தி பிரசவத்துக்கு வந்து, இப்போது பச்சைக் குழந்தையோடு அதற்குள் கிடந்தாள். கூரை மக்கிப்போய் ஒழுகியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பூங்காவனம் காதுத் தோட்டை விற்றுக் கூரைக்குத் தகரம் வாங்கிப் படகில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

"ஒரு தகரம் கண்ணுல பட்டாலும் லாஞ்சை அடுத்த குப்பத்துக்குத் திருப்பிடுவேன்னு, வெளியூர்க்காரங்களைக் கூட்டிட்டு வர்ற ஏஜெண்டு கண்டிப்பா சொல்லிட்டாரும்மா. சீசன் முடியட்டும், நாங்களே புதுக் கீத்து வேஞ்சு தர்றோம்னு அவகிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்குறா. ஆளுங்க ஏணியைப் புடுங்கி வெச்சிருக்காங்க. அவ அருவாளோட நிக்கிறா. இன்னும் கொஞ்ச நேரத்துல லாஞ்ச் வந்துடும்."

அம்மா கீரையை முறத்தோடு ஓரமாக வைத்தார்.

"உங்க ஊரை வெளியூர்க்காரங்க பாக்குற மாதிரி நான் பாத்ததே இல்ல. கூட்டிட்டுப் போய்க் காட்டு."

"இப்பவா அம்மா?"

"இப்பத்தான்."

லாஞ்ச் வருகிறதா என்று தேசப்பன் கழிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் குருவின் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. இருவரும் நடந்தார்கள். கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோயிருந்தது.

முன்வரிசை தயாராக இருந்தது. வாசலெல்லாம் கோலம். மூங்கில் கழிகளில் வலைகள். தேசப்பன் பழக்க தோஷத்தில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதையே சொல்லிக்கொண்டு வந்தார். நாங்க இன்னும் அந்தக் காலம் மாதிரியேதாங்க வாழறோம் என்கிற இடத்தில் அவருக்கே குரல் தடுமாறியது. அம்மா ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தேசப்பனின் குடிசைக்குள் அவர் மனைவி சிங்காரம்மா பழஞ்சேலையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார் அம்மா.

சிங்காரம்மாவின் கை பானை வரைக்கும் போய் நின்றுவிட்டது. பானை மினுமினுவென்று துடைத்து வைத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"தண்ணியெல்லாம் பின்னால வீட்டுலதாம்மா. ஓடிப் போய்க் கொண்டாந்துடறேன்."

"வேணாம், இரு."

அடுத்த குடிசையிலும் அம்மா தண்ணீர் கேட்டார். அங்கேயும் பானை காலி. அதற்கடுத்த வாசலில் கேட்பதற்கு முன்பே அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். கழிப்பக்கமிருந்து லாஞ்சின் சத்தம் மெல்லக் கேட்கத் தொடங்கியது.

வரிசையின் கடைசியில் கூட்டமாக நின்றார்கள். ஒருவன் கையில் ஏணி. தகரங்கள் மணலில் அடுக்கிக் கிடந்தன. அவற்றின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கையில் அரிவாளோடு பூங்காவனம் நின்றாள். தகரத்தைத் தொடுகிறவன் கை அவனுக்குச் சொந்தமில்லை என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். யாரும் தொடவில்லை. ஆனால் வளையம் நெருங்கிக்கொண்டே வந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவள் புருஷனைத் தேடிக் கடலில் அலைந்தவர்கள்தான். பழைய பட்டினி நாட்கள் திரும்பிவிடுமோ என்ற பயம் அவர்களை அப்படி நிறுத்தியிருந்தது.

அம்மா நேராக அவளிடம் போனார்.

"பூங்காவனம், குடிக்கத் தண்ணி இருக்கா?"

அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அரிவாளைத் தகரத்தின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா பின்னாலேயே குனிந்து நுழைந்தார். தேசப்பனும் நுழைந்தார். ஊர்த்தலைவர் அந்தக் குடிசைக்குள் கால் வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

முதல்நாள் பெய்த தூறலில் தரை சொதசொதவென்று கிடந்தது. மூலையில் செவ்வந்தி கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூளியில் இருமிக்கொண்டிருந்தது. அத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய இருமல் வருவதைக் கேட்கத் தேசப்பனுக்கு என்னவோ செய்தது.

பூங்காவனம் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். அம்மா குடித்து முடித்து, மேலே மூங்கிலைப் பார்த்தார். அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கயிறு இறுக்கிய தடங்கள் இருந்தன.

"இதெல்லாம் என்ன?"

"தூளி கட்டின எடம்மா" என்றாள் செவ்வந்தி. "ஒழுவ ஒழுவ மாத்திக் கட்டுறோம்."

தூளி இப்போது தொங்கிய இடத்துக்கு அப்பால் சுவர்தான் இருந்தது.

வெளியே யாரோ தேசப்பனைக் கூப்பிட்டார்கள். லாஞ்ச் திருப்பத்துக்கு வந்துவிட்டதாம். தேசப்பன் தவித்துப்போனார்.

"அம்மா, எனக்கு மட்டும் மனசு இல்லியா? படகு நின்னுட்டா இந்தப் புள்ளைக்கும் சேத்துத்தானே சோறு நின்னுடும்? சீசன் முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுக்கத்தான சொல்றேன்."

"போன வருசமும் அதான் சொன்னாரு" என்றாள் பூங்காவனம். "சீசன் முடிஞ்சுது. யாரும் கூரை மேல ஏறல."

தேசப்பன் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தார்.

"நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா. நீங்க சொல்றபடி செய்யறேன்."

அம்மா சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ சொல்றதும் ஞாயம்தான். படகு திரும்பிடக் கூடாது. இந்தக் கூரையைத் தொட வேணாம்."

வாசலில் காது கொடுத்து நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பூங்காவனத்தின் முகம் இருண்டுபோயிற்று. இந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டா இப்படிச் சொல்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டதைப்போலத்தான் இருந்தது அவள் பார்த்த பார்வை.

"சீசன் முடியற வரைக்கும்" என்றார் அம்மா, "பூங்காவனம் பொண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு உன் தளம் போட்ட வீட்டுல இருக்கட்டும். நீயும் உன் வீட்டுக்காரியும் ராவும் பகலும் இங்க இருங்க. ஓலை அப்படியேதான இருக்கும், தேசப்பா. பாக்க வர்றவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

மழை அப்போது பிடித்துக்கொண்டது. முதல் சொட்டு தேசப்பனின் தோளில் விழுந்தது. அவர் நகர்ந்து நின்றார். அங்கேயும் சொட்டியது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். தூளி இடித்தது.

அவர் வெளியே வந்தார். என்ன முடிவு தலைவரே என்று கேட்டார்கள். பின்னால் லாஞ்ச் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏணி வைத்திருந்தவன் கையிலிருந்து தேசப்பன் அதை வாங்கி, பூங்காவனத்தின் சுவரில் சாய்த்து, ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.