சாரல்நாதருக்கு எண்ணெய் வைத்த கை

திருச்சாரல் அருவிக்குக் குளிக்க வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர் பூவுலிங்கனார். ஒரு மரப்பலகை, இரண்டு சீசா நல்லெண்ணெய், இடுப்பில் ஒரு துண்டு, இவையே அவர் உடைமை. பாறையடியில் பலகையைப் போட்டு, வருகிறவர் வந்து அமர்ந்ததும் இரு கைகளையும் கூப்புவார். "சாரல்நாதா, உன் தலை" என்று மெல்லச் சொல்லுவார். அதன் பிறகே எண்ணெயை ஊற்றுவார். அமர்ந்தவர் வக்கீலானாலும் வண்டிக்காரரானாலும் அவருக்கு அந்த ஒரு சொல்லே மந்திரம்.

உடன் தொழில் செய்த மாடக்கண்ணுவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது.

"வே பூவுலிங்கம், இன்னைக்கு ஒம்ம சாமி மண்டை பூரா பொடுகுல்லா கெடக்கு! பாத்துத் தேயும்."

"கெடக்கட்டும் வே. கங்கையே அங்கதான் கெடக்கா. பொடுகுக்கு எடமில்லாமலா போகும்?" என்பார் இவர். தேய்க்கும் கை நிற்காது.

திருச்சாரலின் கோயிலைக் காணாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அருவி விழும் பாறையின் முதுகில் சாய்ந்தாற்போல் அமைந்தது அதன் கருவறை. பாறையில் ஊறும் நீர் கூரைக் கல்லின் வழியே கசிந்து, பகலும் இரவும் ஒவ்வொரு துளியாகச் சாரல்நாதரின் திருமுடிமேல் விழுந்துகொண்டே இருக்கும். ஆண்டு முழுவதும் நனைந்து ஐயனுக்குத் தலைக்குளிர் கண்டுவிடுகிறது என்பது ஊரார் நம்பிக்கை. ஆகவே மார்கழித் திருவாதிரை அன்று கிழக்கு வெளுக்கும் வேளையில், மூலிகைத் தைலத்தைக் கைச்சூட்டில் கொண்டுபோய் அவர் தலைக்கு வைப்பார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை. அந்தத் தைலம் காய்ச்சிச் சுமக்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு உரியது. ஏழு தலைமுறையாக அதில் ஒரு குறை வந்ததில்லை என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். குறை வந்த ஓர் ஆண்டின் கதைதான் இது. எங்கள் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஓர் அடியாரை மறைத்துத்தான் அதைக் காக்கவேண்டும் என்றால், அந்தப் பெருமை எங்களுக்கு வேண்டாம்.

அது லாட்ஜுகள் பெருகத் தொடங்கியிருந்த காலம். ஆனியிலும் ஆடியிலும் சீசன் கூட்டம் வரும்போது பூவுலிங்கனாருக்கு நிமிர நேரமிருக்காது. கார்த்திகை பிறந்தால் நிலைமை தலைகீழ். கூட்டம் அப்போதும் வரும். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஐயப்ப சாமிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ஆனால் விரதம் பூண்டவர்கள் எண்ணெய் தொடமாட்டார்களே! அருவி நிறைய தலைகள் இருந்தும், எண்ணெய் வைக்க ஒரு தலை கிடைக்காது. அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் மரச்சீனிக் கிழங்குதான். அதுவும் ஒரு வேளை.

"ஊர் கொள்ளாம ஆளு கெடக்கு, ஒரு மண்டைக்கும் எண்ணெ வேண்டாங்கு. நம்ம கூரையோ ஒழுகுது. ஒங்க சாமி இதையெல்லாம் பாக்குதா இல்லையா?" என்று அவர் மனைவி இசக்கியம்மாள் ஒரு நாள் கேட்டார்.

"அவரு தலையிலயே சொட்டிக்கிட்டுதான் இருக்கு இசக்கி. நம்ம கூரையும் சொட்டுனா அவரு வீடு மாதிரியே இருக்குன்னு நெனச்சுக்க."

அந்த அம்மையார் சிரித்துவிட்டு, கிழங்கில் பெரிய துண்டை அவர் பக்கம் தள்ளினார்.

வேலையற்ற அந்த நாட்களிலும் பூவுலிங்கனார் விடியுமுன் பலகையோடு வந்துவிடுவார். சாரலும் பனியும் கலந்து, அருவி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெண்மையில் அவர் தனியே அமர்ந்திருப்பார். இத்தனை தலைக்கு எண்ணெய் வைத்த நமக்கு, அந்த ஒரு தலைக்கு வைக்கும் பேறு இல்லையே என்று அவர் ஏங்கியதாகச் சொல்வார்கள். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு திருவாதிரைக்கு முதல் நாள் மலையில் பெருமழை. காலையில் அருவி இரு மடங்காகி, பனிக்கட்டி உருகி வருவதுபோல் குளிர்ந்து விழுந்தது. தைலம் சுமக்கும் முறை எங்கள் பெரியவர் வன்னியப்ப பிள்ளைக்கு. அருவியில் நின்று ஐந்தெழுத்தை நூற்றெட்டு முறை சொல்லி, ஈர உடையோடு வந்து, அடுப்பில் காயும் தைலத்தில் ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, அந்த உருளியை எடுக்கவேண்டும் என்பது முறை. "இன்னைக்குத் தண்ணி கடுமையா இருக்கு, சுருக்கமா முடிச்சுக்கிடுங்க" என்று கோயில் பட்டர் சபாபதி சொல்லிப் பார்த்தார். பெரியவர் கேட்கவில்லை. நூற்றெட்டையும் நின்று சொல்லி முடித்தே வெளியே வந்தார்.

வந்தவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டார். "சூடே ஏறல. வெறகத் தள்ளுங்க" என்றார். தள்ளினார்கள். மீண்டும் விட்டுப் பார்த்தார். "இன்னும் தள்ளு" என்றார். மூன்றாம் முறை, "இப்பதான் கைச்சூடு வந்திருக்கு" என்று சொல்லி, துணி சுற்றிய காதுகளைப் பிடித்து உருளியைத் தூக்கினார். மேளமும் சங்கும் முழங்கின.

எண்ணெய் தேய்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் நீரைத் தொட்ட கையால் அவர்கள் எண்ணெயின் சூட்டைப் பார்க்கமாட்டார்கள். கையை அக்குளில் வைத்து, உணர்வு திரும்பிய பிறகே பார்ப்பார்கள். மரத்த கை பொய் சொல்லும் என்பது அவர்கள் கண்ட பாடம். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பூவுலிங்கனார், பெரியவர் அருவியிலிருந்து நேராக வந்து சூடு பார்த்ததைக் கண்டார். உருளி தம்மைக் கடந்தபோது பெரியவரின் ஈரக் குடுமியிலிருந்து ஒரு துளி நீர் எண்ணெயில் விழுந்தது. சடசடவென்று அது வெடித்ததை அவர் கேட்டார்.

"அண்ணாச்சி, எண்ணெ கொதிக்கு! கொண்டு போவாதீங்க!"

மேளத்தில் அந்தக் குரல் யார் காதிலும் ஏறவில்லை. பெரியவர் கருவறைப் படியில் கால் வைத்துவிட்டார். இன்னும் நான்கு அடி. ஆண்டெல்லாம் குளிர்ந்த நீரில் நனைந்த திருமுடி. அதன்மேல் கொதிக்கும் எண்ணெய் விழுந்தால் கல்லே பிளந்துவிடும். அதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. பிறர் கை பட்ட தைலத்தை ஐயனுக்கு வைக்கமாட்டார்கள்.

பூவுலிங்கனார் ஓடிச்சென்று தம் வலக்கையை உருளிக்குள் அமிழ்த்தினார்.

மேளம் நின்றது. அவர் அலறவில்லை என்று பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். கையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "கொதிக்கு அண்ணாச்சி" என்று மட்டும் மீண்டும் சொன்னாராம்.

"யார் தைலத்துல யார்டே கை வச்சது!" என்று பெரியவர் வன்னியப்ப பிள்ளை கர்ச்சித்தார். "ஏழு தலைமுறைக் கைச்சூடுடே இது. எனக்குத் தெரியாத சூடு ஒனக்குத் தெரிஞ்சிட்டோ?"

பூவுலிங்கனாரின் கை தோலுரிந்து கிடந்ததைக் கண்டும், எண்ணெய் சுட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. "தீட்டாக்குனான்லா, சாமி சுட்டுட்டாரு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதையே எல்லோரும் சொன்னார்கள். தைலத்தை ஒரு மரத்தின் வேரடியில் ஊற்றினார்கள். மறுபடி காய்ச்சப் பத்து நாளாகும். இனி அருவிக்கரையில் பலகை போடக்கூடாது என்று அங்கேயே விதித்து அவரை அனுப்பினார்கள். சாரல்நாதர் அந்தத் திருவாதிரையில் எண்ணெய் இல்லாத தலையோடு இருந்தார். நடை சாத்தப்பட்டது.

இசக்கியம்மாள் கற்றாழைச் சோற்றை வைத்துக் கையைக் கட்டினார். திட்டவில்லை. "நீங்க செஞ்சது சரிதானா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல இசக்கி" என்றார் பூவுலிங்கனார். "கொதிச்சது நெசம். ஆனா என்னாலதான அவரு தலை காஞ்சு கெடக்கு? வருசத்துக்கு ஒரு நாளு. அதையும் நான் கெடுத்துட்டனே."

பிழைப்பு போனதற்கோ கை வெந்ததற்கோ அவர் அழவில்லை. அந்தத் தலைக்காக அழுதார்.

வீட்டில் இருக்கப் பொறுக்காமல், பலகையையும் சீசாவையும் எடுத்துக்கொண்டு காட்டுப்பாதையில் மேலே நடந்தார். அங்கே ஆள் வராத ஒரு சிற்றருவி உண்டு. உச்சி வேளையிலும் அன்று பனி விலகவில்லை. மரங்கள் கரைந்து நின்றன. நீர் விழும் ஓசை அருகில் கேட்டதுபோலவும் எங்கோ கேட்டதுபோலவும் இருந்தது. பலகையைப் போட்டு எதிரே அமர்ந்தார். எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

அருவிக்குள்ளிருந்து ஒரு முதியவர் வந்தார். இடுப்பில் நனைந்த ஒற்றைத் துணி. சடை விழுந்த தலை. நேரே வந்து பலகையில் அமர்ந்தார்.

"எண்ணெ தேய்ப்பீரா வே?"

"தேய்ப்பேன் சாமி. ஆனா வலக்கை வெந்து போச்சு. இடக்கைதான் இருக்கு."

"இருக்கத வச்சுத் தேயும். தலை குளுந்து கெடக்கு."

பூவுலிங்கனாருக்குக் கை கூப்ப முடியவில்லை. கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்து, "சாரல்நாதா, உன் தலை" என்றார். முதியவர் மெல்லச் சிரித்தார்.

தலையைத் தொட்டதும் பூவுலிங்கனாரின் உடல் சிலிர்த்தது. அப்படி ஒரு குளிர்ச்சியை எந்தத் தலையிலும் அவர் அறிந்ததில்லை. எவ்வளவு துடைத்தாலும் அந்தச் சடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, பழக்கமில்லாத இடக்கையால் நெற்றியிலிருந்து பிடரி வரை வழித்துத் தேய்த்தார். ஒரு சீசா தீர்ந்தது. மற்றதும் தீர்ந்தது. மெல்ல மெல்ல அந்தத் தலையில் இளஞ்சூடு ஏறியது. முதியவர் கண்களை மூடி, "ஆ... போதும் வே. இந்தச் சூடுதான்" என்றார். பனி ஒரு திரைபோல் வந்து போயிற்று. பலகையில் ஆள் இல்லை.

அன்று காலை கோயிலிலிருந்து திரும்பியதும் எங்கள் வீட்டில் வன்னியப்ப பிள்ளை அடுப்பருகே குளிர்காய்ந்தார். உடம்பில் சூடு ஏற ஏற, மணிக்கட்டில் ஏதோ எரியத் தொடங்கியது. பார்த்தார். மூன்று சொட்டு விட்ட இடத்தில் மூன்று கொப்புளங்கள். அப்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயினும் துண்டை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். அந்தத் துண்டைச் சுற்றியது எங்கள் குலத்தின் பிழை. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மாலையில் பட்டர் நடை திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளைவாள், ஓடி வாங்கோ!"

சாரல்நாதரின் திருமுடி எண்ணெயில் மின்னிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து விழுந்த நீர்த்துளிகள் அதில் நில்லாமல் முத்துக்களாய் உருண்டன. நெற்றியிலிருந்து பின்புறம் வரை ஐந்து விரல்கள் வழித்த தடம். சாவி பட்டர் இடுப்பிலேயே இருந்தது.

"தைலம் இல்லே, வெறும் நல்லெண்ணெய்" என்றார் பட்டர். பிறகு தம் கையைத் தடத்துக்கு நேரே காற்றில் வைத்துப் பார்த்தார். வலக்கை பொருந்தவில்லை. "இது இடக்கை."

"இடக்கையாலயா? எவ்வளவு பெரிய அபசாரம்!" என்று காலையில் பேசிய அதே மனிதர் முணுமுணுத்தார்.

வன்னியப்ப பிள்ளை மணிக்கட்டுத் துண்டை அவிழ்த்து, எல்லோரும் காணக் கையை நீட்டினார்.

"சுட்டது சாமி இல்ல. எண்ணெ. காச்சுனது நான். என் கை மரத்துப் போயிருந்துச்சு. அவன் கையக் குடுத்துச் சாமியக் காப்பாத்திருக்கான்."

வாழ்நாளில் யார் வாசலும் மிதியாத அவர், ஊரே பின்னால் வர பூவுலிங்கனார் குடிசைக்கு நடந்து போனார். அப்போதுதான் அவரும் காட்டிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"பூவுலிங்கம், இன்னைக்கு யாருக்கு எண்ணெ தேச்சீரு?"

"யாரோ ஒரு பெரியவரு அண்ணாச்சி. ஊரு பேரு கேக்கல. கரையில பலக போடலையே, மேலதான் போட்டேன்" என்றார் அவர் அச்சத்தோடு.

பெரியவர் அவருடைய இடக்கையைப் பற்றிக்கொண்டார். அப்படியே கோயிலுக்கு அழைத்து வந்து, கருவறைப் படியில் நிறுத்தினார். பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டினார். பூவுலிங்கனார் பார்த்தார். விரல்தடம் அவருக்குத் தெரிந்தது. அடுத்த நொடி குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

"ஐயோ, நீரா அது! தெரியாம இடக்கையால தேச்சுட்டனே சாமி! சொல்லியிருந்தா இந்தக் கட்ட அவுத்துப் போட்டுட்டு வலக்கையாலயே தேச்சிருப்பனே!"

வன்னியப்ப பிள்ளை தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, அந்த இடத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஐயனை நோக்கி விழுந்தாரா அடியாரை நோக்கி விழுந்தாரா என்று கேட்டவர்களுக்கு, இரண்டும் ஒரே திசையில்தான் இருந்தன என்று பட்டர் பின்னாளில் சொல்லுவாராம்.

அடுத்த திருவாதிரையிலிருந்து அந்த முறை மாறியது. உருளியை எங்கள் வீட்டார் சுமந்து வந்து படியில் நிற்பார்கள். பூவுலிங்கனார் தம் இடக்கையை எண்ணெய்க்கு மேலே பிடித்து, "போதும்" என்று சொன்ன பிறகே உள்ளே போவார்கள். அவருக்குப் பின் அவர் தொழிலைச் செய்வோரில் மூத்தவர் அதைச் சொல்லிவருகிறார். அந்த ஒரு சொல்லுக்காகத் தலைகுனிந்து காத்து நிற்பதே எங்கள் வீட்டுக்குக் கிடைத்த மரியாதைகளில் பெரியது.

வெந்த கையை மறந்து ஐயன் தலைக்கு வருந்திய பூவுலிங்கனார் திருவடிகளுக்கு எங்கள் குலத்தின் வணக்கம்.