நாடியில் வைத்த விரல்

எமெரன்சியா சிஸ்டரிடம் ஜெபம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஜெசிந்தா மட்டும்தான் கைக்குழந்தைக்காரி.

மடத்துக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் சரிவில், இயேசு சிலுவை சுமந்து போனதை நினைவூட்டும் சிலுவைப்பாதை நிலைகள். தவக்காலத்தில் சிஸ்டர் எல்லோரையும் ஏற்றுவார். மூன்றாம் நிலை வந்ததும் ஜெசிந்தா தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். நாடி படபடவென்று அடிக்கும். கையை உதறிவிட்டு இறங்கிப் போய்விடுவாள்.

ஒரு காலையில் சிஸ்டர் அவளை மட்டும் கூப்பிட்டார். குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

"டாக்டர் என்னதான் சொன்னார் ஜெசி?"

"சுகர், பிரஷர், கொழுப்பு, இடுப்புச் சதை, எல்லாம் கூட்டுச் சேர்ந்துடுச்சாம். டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார். நின்ன பிறகு துடிப்பு இறங்க நேரமாகுதாம்."

"நடக்க வேணாம்னாரா?"

"தினமும் நடங்க, தேறிடும்னார்."

"பின்னே?"

"எங்கம்மா மாடிப்படி ஏறும்போது நெஞ்சடைச்சுத்தான் விழுந்தாங்க சிஸ்டர். திரும்ப எழுந்திருக்கல. இவளுக்கு இன்னும் பல்லே முளைக்கல."

சிஸ்டர் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறினார்.

மூன்றாம் நிலை. ஜெசிந்தாவின் விரல் மணிக்கட்டுக்குப் போனது. முகம் வெளுத்தது.

"அடிக்குது சிஸ்டர். இறங்கிடலாம்."

"எனக்கும்தான் மூச்சு வாங்குது. உன் மக என்ன கனம் கனக்கிறா. நில்லு."

அதற்குள் குழந்தை வீறிட்டது. சிஸ்டர் நீட்டினார்.

"நான் தூக்கி, விழுந்துட்டேன்னா?"

"உட்கார்ந்துக்கோ."

ஜெசிந்தா சிலுவையடியில் உட்கார்ந்து குழந்தையை வாங்கினாள். தோளில் போட்டுத் தட்டினாள். வீறல் அழுகையானது, அழுகை விசும்பலானது. பிறகு குழந்தை விரல் சூப்பத் தொடங்கியது.

"இப்படிக் கத்தினாளே, உனக்குப் பயமா இல்லையா?"

"பிள்ளைன்னா கத்தும் சிஸ்டர். தூக்கினதும் அடங்குதான்னுதான் பார்ப்பேன்."

"கத்துறாளேன்னு கீழே போட்டுட்டு ஓடல."

"அய்யோ, ஓடுவேனா?"

சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். ஜெசிந்தாவும் பார்த்தாள்.

அடுத்த நிலைக்குக் குழந்தையை அவளே தூக்கிக்கொண்டு ஏறினாள், மெதுவாக. சிலுவை சுமக்கும் மகன் தாயைச் சந்திக்கும் நிலை அது. உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்திவிட்டு நாடியைப் பிடித்தாள். படபடப்பு. விரலை எடுக்கப் போனாள். சிஸ்டர் அந்த விரல்மேல் தன் கையை வைத்தார்.

"எடுக்காதே. கூடவே இரு."

கீழே மடத்தில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விரலுக்கடியில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விழுந்தது. இன்னும் கொஞ்சம் விழுந்தது.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"இறங்குது சிஸ்டர்."

"ம்."

"ஆனா ரொம்ப மெதுவா இறங்குது."

"இதுவும் இத்தனை நாள் நீ தூக்காமலே விட்ட பிள்ளைதான்," என்றார் சிஸ்டர். "தினமும் கூட்டிட்டு வா. பழகிக்கும்."