தேர்வாளரின் கண்

உலோகத்தை வெட்டாமலும் உடைக்காமலும் அதன் குறையைக் கண்டறியும் பயிற்சித் தேர்வில் மரகதவல்லி இரு முறை தோற்றிருந்தாள். மூன்றாம் முறையும் தோற்றால் கொதிகலன் ஆலையில் அவளுக்கு வேலை இல்லை. சான்றிதழில் கையெழுத்திடுபவர் தலைமைத் தேர்வாளர் தணிகாசலம்; தம் தீர்ப்பை மறுத்தவரை அவர் மன்னித்ததில்லை.

அவள் குழாய்த் துண்டில் சிவப்புச் சாயம் பூசி, காத்திருந்து, துடைத்து, வெண்பொடி தூவினாள். மயிரிழையளவு சிவப்புக் கோடு கசிந்தது.

“விரிசல் இருக்கு, சார்.”

தணிகாசலம் குனிந்து பார்த்தார். வேறு எவரும் நெருங்குமுன் துணியால் துடைத்துவிட்டார். “ஒண்ணுமே இல்ல. இருபது வருஷமா எந்த விரிசலும் இந்தக் கண்ணுக்குத் தப்பினதில்ல. இது உனக்கு மட்டும் தெரியுதோ?”

“அப்ப என் கண்ணுலதான் கோளாறு, சார். மேலாளர் முன்னாடியே சோதிச்சுட்டு, அப்புறம் தோல்வின்னு எழுதுங்க.”

அழைத்ததும் கூடத்துக்கு வந்த மேலாளர் இருதயராஜ் இசைந்தார். தணிகாசலம் பார்வைச் சோதனை அட்டையை தமக்கும் மரகதவல்லிக்கும் நடுவே பிடித்து, பொடி எழுத்திலிருந்த கடைசி வரியை அவளைப் படிக்கச் சொன்னார்.

“வேலியோரம் இரண்டு ஆடுகள் மேய்ந்தன.”

தணிகாசலம் அட்டையை உற்றுப் பார்த்தார். “ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. கண்ணு நல்லாத்தான் இருக்கு, புத்திதான் மந்தம்.”

“மேலாளர் சார், நீங்களும் ஒரு தடவை படிங்க.”

இருதயராஜ் அட்டையை வாங்கி அதே வரியைப் படித்தார்: “கடற்கரையில் படகுகள் நிற்கின்றன.”

மரகதவல்லி வேண்டுமென்றே மாற்றிப் படித்திருந்தாள். ஆண்டுதோறும் செய்யவேண்டிய கண் பரிசோதனையைத் தணிகாசலம் கடைசியாக எப்போது செய்துகொண்டார் என்று மேலாளர் கேட்டார்.

“நாலு வருஷம் ஆச்சு,” என்றார் தணிகாசலம்.

அந்நான்கு ஆண்டுகளில் குறையற்றவை என்று அவர் கையெழுத்திட்ட கொதிகலன்கள் அந்நேரமும் பல ஊர்களில் கொதித்துக்கொண்டிருந்தன.

மரகதவல்லி வென்றாள். ஆயினும் அன்று அவளுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதில் கையெழுத்திடத் தகுதியுள்ளவர் அந்த ஆலையில் ஒருவரும் இல்லை.